துணிக்குக் காவல்

புனே,
18.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

யோகம் வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கே சுகம். உங்கள் தொண்டை எப்படி இருக்கிறது? சித்திரைத் திருவிழாவில் ஒரே வாரத்தில் மூன்று மேடை ஏறினீர்களாம், அம்மா சொன்னாள். அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். "எங்க குடும்பத்துல இன்னைக்கும் மாமனும் மருமகளும் கடிதம்தான் எழுதிக்கிடுதோம்" என்று பட்டிமன்றத்துக்குப் பட்டிமன்றம் அளந்துவிட்டவர் நீங்கள். அந்த மானத்தைக் காப்பாற்ற வேண்டாமா? அதோடு, போனில் என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' கொட்டுவேன். இது நான் பேச வேண்டிய விஷயம்.

நான் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். வேலை முடிந்த பிறகு இரண்டு வருஷமாக ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. அதில் துப்பாக்கி கிடையாது, கார் கிடையாது. ஐந்தருவிதான். சாரல் அடிக்கிறது. ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்குகிறது. ஆடுகிறவர் அந்தக் குடும்பத்தில் ஒருவர். அருவியில் குளிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் நனைவதற்கு முன்னால் கையில் இருப்பதை யாரிடமாவது கொடுக்க வேண்டுமே. துண்டு, கடிகாரம், செருப்பு, செல்போன். படிக்கட்டில் ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் கொடுத்துவிட்டுப் போகலாம்.

அது யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். சீசனுக்குச் சீசன் அச்சன்புதூர் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் அத்தனை பேர் துணியும் அம்மா மடியில்தானே கிடக்கும். அவள் குளித்து நான் பார்த்ததே இல்லை. கேமுக்கு 'துணிக்குக் காவல்' என்றே பெயர் வைத்துவிட்டேன்.

கொச்சியில் ஒரு கலைக்கூடம் இதை ஓவியங்களோடும் சிற்பங்களோடும் காட்சிக்கு வைக்கக் கேட்கிறது. ஆறு மாதம் அங்கேயே தங்கி இதைப் பெரிதாகச் செய்ய வேண்டும். செலவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் இந்த வேலையை விட வேண்டும். அப்பாவிடம் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தேன். "கேமெல்லாம் ஒரு கலையாட்டி? சின்னப்பிள்ளைய சோலி. உங்க மாமன் நாலும் தெரிஞ்சவன், அவன் கலைன்னு சொல்லட்டும், போ" என்றார். ஆக, என் வழி உங்கள் நாக்கில் இருக்கிறது.

அத்தையின் போனுக்குக் கேமை அனுப்பியிருக்கிறேன். ஆடிப் பாருங்கள். அம்மாவிடம் மட்டும் காட்ட வேண்டாம். தன்னைத்தான் செய்திருக்கிறேன் என்று தெரிந்தால் என்ன சொல்வாளோ என்று பயமாக இருக்கிறது.

அத்தைக்கு என் அன்பு. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள் மருமகள்,
யோகலட்சுமி


தென்காசி,
29.5.2025

புத்தியில் புலியும் பேச்சில் கிளியுமான மருமகள் யோகத்துக்கு,

மாமா பரமேஸ்வரன் ஆசியுடன் எழுதுவது. விசுவநாதர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சௌக்கியம். தொண்டை, மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பாலில் ஓடுகிறது. அத்தையின் முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. இந்த வீட்டில் அவள் பேச்சைக் கேட்காத ஒரே ஆள் அதுதான்.

கடிதம் கண்டேன், துள்ளினேன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அதை இன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். தென்றல் பேரவைச் செயலாளர் கடற்கரை அண்ணாச்சியை உனக்குத் தெரியும். பேரவையின் ஆண்டு விழா ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை, குற்றாலத்தில். மதுரையிலிருந்து நடுவர். டிவிக்காரர்கள் வந்து படம் எடுக்கிறார்கள். தலைப்பு என்ன தெரியுமா? 'வீடியோ விளையாட்டு: கலையே! கேடே!' எப்படி?

அணி இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் மாமா எந்தப் பக்கம் நிற்பேன் என்று உனக்கே தெரியும். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கேம் ஏன் கலை என்று உனக்குத் தோன்றுவதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பு. உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து முன்னால் உட்கார வைப்பது என் பொறுப்பு. வீட்டில் சொன்னால் அது மச்சினன் பேச்சு, காதில் வாங்க மாட்டார். மைக்கில் சொன்னால் ஊர்ப் பேச்சு. நாலு பேர் கைதட்டினால் அத்தான் தானாகத் தலையாட்டுவார்.

கேமை இன்னும் பார்க்கவில்லை. போன் உன் அத்தையின் கையை விட்டு இறங்கினால்தானே! பார்க்கிறேன்.

சாப்பாட்டில் அசட்டையாக இருக்காதே. உடம்பு முக்கியம்.

என்றும் உன் பக்கம் நிற்கும்,
மாமா


தென்காசி,
9.6.2025

மரியாதைக்குரிய கடற்கரை அண்ணாச்சி அவர்களுக்கு,

பரமேஸ்வரன் வணக்கம். ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டுச் சந்தோஷம்.

பேச்சாளர் பட்டியல் கிடைத்தது. என்னைக் 'கேடே' அணிக்குத் தலைவராகப் போட்டிருக்கிறீர்கள். நான் கேட்டது 'கலையே' அணி. அதற்கு வீட்டில் ஒரு காரணம் உண்டு. ஆனால், "எதிர்த்துப் பேசுதவனுக்குத்தான்டே கைதட்டு. டிவிக்காரனே அந்தச் சிரிக்க வைக்கிற ஆளைத் தலைவராப் போடுங்கன்னுட்டான். முடியாதுன்னா சொல்லு, வேற ஆள் பாக்குதேன்" என்று நீங்கள் போனில் சொன்னதையும் யோசித்துப் பார்த்தேன்.

பகலில் மின்வாரியத்தில் கணக்கு, சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் பேச்சு என்று என் காலம் ஓடிவிட்டது. டிவி என்பது இதுவரை என் வாசலுக்கு வந்ததில்லை. வந்ததைத் திருப்பி அனுப்ப மனம் இல்லை. கொடுத்த பக்கம் பேசுவதுதான் பேச்சாளனுக்கு தர்மம். சம்மதம்.

ஒரு சின்ன வேண்டுகோள். அழைப்பிதழில் யார் எந்த அணி என்று பிரித்துப் போட வேண்டாம். பெயர்களை மட்டும் வரிசையாகப் போட்டால் போதும். காரணம் நேரில் சொல்கிறேன்.

ஆச்சியை விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கள் அன்புத் தம்பி,
சொல்லருவி பரமேஸ்வரன்


புனே,
15.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

யோகம் வணக்கம். இங்கே மழை தொடங்கிவிட்டது. அங்கே சாரல் இறங்கியாச்சா? அத்தை கஷாயம் குடிக்கிறாளா?

நீங்கள் கேட்டதை எழுத உட்கார்ந்தால் எனக்குக் கலை என்றால் என்னவென்றே தெரியவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன், நீங்கள் அழகுபடுத்திக்கொள்ளுங்கள்.

கேமில் வெற்றி தோல்வி இருக்கிறது, கலையில் உண்டா என்பார்கள். என் கேமில் யாரும் ஜெயிக்க மாட்டார்கள். குளித்துவிட்டுத் தலைதுவட்டி வேனில் ஏறுவார்கள், அவ்வளவுதான். ஆடுகிறவன் இஷ்டத்துக்கு மாறுகிற ஒன்றில் செய்தவளின் கை எங்கே இருக்கிறது என்பார்கள். வாசலில் புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டு, கோலத்தை நீ போடு என்று சொன்னால் புள்ளி வைத்தவளுக்கு அதில் பங்கில்லையா? நேரத்தைத் தின்னும் என்பார்கள். விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்ட ஊர் நம் ஊர்.

ஆனால் எனக்கு முக்கியமானது வேறு. அம்மா துணிக்குக் காவல் இருப்பதை ஓவியமாக வரைந்தால் பார்க்கிறவர் 'ஐயோ பாவம்' என்பார். சினிமாவாக எடுத்தால் அழுவார். இரண்டிலும் அவர் கை சுத்தம். கேமில் அப்படி இல்லை மாமா. துண்டைக் கொடுத்தது அவர் கை. அவருக்குப் பரிதாபம் வராது, வெட்கம் வரும். செய்ததற்காக வெட்கப்பட வைப்பது கேமால் மட்டும்தான் முடியும். அதனால்தான் இதைக் கலை என்கிறேன்.

இப்போது ஒரு ரகசியம். திரையின் கீழ் ஓரத்தில் ஆரம்பத்திலிருந்தே ஒரு சின்னப் பட்டன் இருக்கும். அதைத் தொட்டால், "நீங்க போய்க் குளிங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று நம் ஆள் சொல்வான். அந்த அம்மா எழுந்து அருவிக்குப் போவாள். ஒளித்தெல்லாம் வைக்கவில்லை, கண்ணுக்கு முன்னால்தான் இருக்கிறது. இதுவரை ஆடிய என் நண்பர்களில் ஒருவர்கூடத் தொடவில்லை. எல்லாரும் வேனில் ஏறிய பிறகு அந்தப் பட்டன் மட்டும் ஒருமுறை பெரிதாகி அணையும். அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும்.

இதை மட்டும் மேடையில் சொல்லிவிடாதீர்கள். முன்கூட்டித் தெரிந்தால் கேம் செத்தது. உங்களுக்குப் புரிய வேண்டும் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

அத்தைக்கு அன்பு. தொண்டையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யோகம்


தென்காசி,
26.6.2025

அன்பு யோகத்துக்கு,

நலம். நீயும் நலமாக இரு. சாரல் நன்றாக இறங்கிவிட்டது, அருவியிலெல்லாம் நல்ல கூட்டம்.

உன் கருத்துகள் வந்தன. எல்லாம் அருமை, பயன்படும்.

உன் அப்பாவுக்கு வயலில் வேலை அதிகம் என்று கேள்வி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வந்து இடிபட வேண்டாமே என்று தோன்றுகிறது. நிகழ்ச்சி எப்படியும் டிவியில் வரும். அப்புறம் நானே வீட்டுக்குப் போய் அத்தானிடம் பேசுகிறேன்.

ஆபீசில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. சுருக்கமாக முடிக்கிறேன்.

மாமா


புனே,
4.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. உடம்பு சரியில்லையா? அத்தையிடம் போனில் கேட்டேன், "அவுகளுக்கென்ன, கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாக்குதாக" என்றாள். நிம்மதி.

அப்பாவும் அம்மாவும் கட்டாயம் வருகிறார்கள். அப்பாவே, "மைக்குல பேசட்டும், கேப்போம்" என்றார். அம்மா பச்சைச் சேலைக்கு இஸ்திரி போட்டு வைத்துவிட்டாளாம். எனக்குத்தான் லீவு இல்லை. வீடியோ வந்ததும் பார்த்துவிடுவேன்.

அழைப்பிதழ் படம் பார்த்தேன். ஏன் அணி பிரித்துப் போடவில்லை? உங்களை எதிர்த்துப் பேசப்போகும் அந்தப் பாவப்பட்ட ஜென்மங்கள் யார் யார்?

கொச்சிக்காரர்களுக்கு ஆகஸ்டுக்குள் பதில் சொல்ல வேண்டும். நம்பிக்கையோடு இருக்கிறேன்.

யோகம்


தென்காசி,
23.7.2025

அன்பு யோகத்துக்கு,

நலம், நலமே விளைக. போன கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை. மன்னிக்கவும். ஆபீசில் காலாண்டுக் கணக்கு.

நிகழ்ச்சி நல்லபடியாக முடிந்தது. நல்ல கூட்டம். சாப்பாடும் பிரமாதம், அவியல் மட்டும் கொஞ்சம் புளிப்பு. உன் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள்.

வீடியோ ஏதாவது கண்ணில் பட்டால் பார்க்க வேண்டாம். ஒலிப்பதிவு சரியில்லை. அங்கங்கே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். நானே விவரமாக எழுதுகிறேன்.

அத்தை விசாரித்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா


புனே,
6.8.2025

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

நீங்களும் அத்தையும் சுகம் என்று நம்புகிறேன்.

ஒலிப்பதிவு நன்றாகவே இருந்தது. நீங்கள் பேசியது ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. மறந்திருப்பீர்கள் என்றால் எழுதுகிறேன்.

"எங்க மருமக ஒருத்தி புனேயில உக்காந்து ஒரு கேம் செஞ்சிருக்காய்யா. சண்டையா? இல்லை. ரேசா? இல்லை. ஐந்தருவியில குளிக்கப் போறவன் துணிக்குக் காவல் இருக்கிற கேம்! (இங்கே சிரிப்பு.) அதைக் கலைங்காய்யா! அது கலைன்னா எங்க அக்கா முப்பது வருஷமா பெரிய கலைஞர்லா! அந்தா பாருங்க, மூணாவது வரிசை, பச்சைச் சேலை. எந்திரிக்கா, சபைக்கு ஒரு கும்பிடு போடு!"

அப்பாவும் அம்மாவும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். கேமரா அம்மா பக்கம் திரும்பியது. அவள் எழுந்திருக்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், குனிந்துகொண்டாள். அப்போதும் அவள் மடியில் யார் யாருடைய கைப்பையோ இருந்தது. மாமா, அதை நீங்கள் பார்த்தீர்களா?

அதோடு விட்டீர்களா? "அதுல ஓரத்துல ஒரு பட்டன் இருக்காம். யாருக்கும் தெரியாத ரகசியமாம், எனக்கு மட்டும் சொன்னா. அதை அமுக்கினா அந்த அம்மா குளிக்கப் போவாளாம். ஏய்யா, பெத்தவளைக் குளிக்கப் போகச் சொல்ல வாய் இருக்குல்லா? பட்டன் எதுக்கு?" அதற்குத்தான் அரங்கமே எழுந்து கைதட்டியது. நடுவர் உங்கள் அணிக்குத் தீர்ப்புச் சொன்னார்.

நான் அம்மாவிடம் வாயைத் திறந்து அப்படிச் சொன்னதில்லைதான். அந்தக் கேள்வியை நீங்கள் என் தோளில் கைபோட்டுத் தனியாகக் கேட்டிருந்தால் இப்போது அழுகிற மாதிரியே அப்போதும் அழுதிருப்பேன். உங்களை வெறுத்திருக்க மாட்டேன்.

அப்பா போனில், "உங்க மாமனே கேடுன்னுட்டான். பேசாம இருக்கிற வேலையைப் பாரு" என்றார். கொச்சிக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். அம்மாவோ சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள்.

யோகலட்சுமி


தென்காசி,
20.8.2025

யோகத்துக்கு,

நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

அணி தர்மம், மேடை வேறு வீடு வேறு, நகைச்சுவைதானே என்றெல்லாம் நாலு பக்கம் எழுதினேன். உன் அத்தை வாங்கிப் படித்தாள். "இதையும் மைக்கு முன்னால நின்னு எழுதுனியளா?" என்று கேட்டுவிட்டுக் கிழித்துப் போட்டாள். அப்புறம் அவள் போனை எடுத்து என் கையில் கொடுத்து, "பேசுறதுக்கு முன்னால ஆடியிருக்கணும். இப்பமாவது ஆடுங்க" என்றாள். அவள் மே மாதமே ஆடிவிட்டாளாம். என்னிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். வேனிலிருந்து இறங்கினேன். சத்தம் கேட்டது, பச்சை தெரிந்தது, பலாப்பழ வாடைகூட வந்த மாதிரி இருந்தது. யோகம், எனக்குப் பட்டன் தெரியும். ஊருக்கே சொன்னவன் நான். தெரிந்திருந்தும், அருவியைப் பார்த்ததும் என் கை துண்டை அந்த அம்மாவிடம்தான் நீட்டியது. நீட்டிய பிறகுதான் பட்டன் ஞாபகம் வந்தது. நீ எழுதியிருந்தாயே, பரிதாபம் வராது, வெட்கம் வரும் என்று. வந்துவிட்டது.

கடற்கரை அண்ணாச்சியிடம் போய் வீடியோவை நீக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "கிறுக்காலே உனக்கு? பேரவை வச்ச இத்தனை வருஷத்துல இப்பதான் ஊரு உலகத்துக்கே நம்ம பேரு தெரிஞ்சிருக்கு" என்று அனுப்பிவிட்டார். அச்சன்புதூருக்கும் போனேன். அத்தானிடம், கேம் கலைதான், பிள்ளையை அனுப்புங்கள் என்றேன். அவர் சத்தமே போடவில்லை. "மாப்ளே, மேடையில சொன்னது பொய்யா, இப்பச் சொல்லுதது பொய்யா? ஒண்ணைச் சொல்லு, நான் எதை நம்பட்டும்?" என்று கேட்டார். அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பதில் போட வேண்டும் என்று கேட்க மாட்டேன்.

பரமேஸ்வரன்


தென்காசி,
21.9.2025

யோகத்துக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். பதில் இல்லை, அது நியாயம்தான். நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சீசன் முடிகிற நேரம், தண்ணீர் இன்னும் விழுகிறது. போன வாரம் அக்காவை மட்டும் ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படிக்கட்டில் நான் முதலில் உட்கார்ந்து, "அக்கா, நீ போய்க் குளி. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வசனம். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எனக்கு வேண்டாம்டே. வந்தது வந்துட்டே, நீ போய்க் குளிச்சிட்டு வா" என்று கையை நீட்டினாள்.

கொடுத்துவிட்டேன் யோகம். துண்டு, கடிகாரம், சட்டை எல்லாவற்றையும் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய் நின்றேன். தண்ணீர் தலையில் விழுந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

திரும்பி வந்தால் ஒரு குடும்பம் என்னைச் சுற்றிக்கொண்டது. "ஐயா, நீங்க அந்தத் துணிக் காவல் காமெடி சார்லா? ஒருதடவை சொல்லுங்க சார், பிள்ளையளுக்குக் காட்டணும்" என்று போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அக்கா என் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள். அங்கே நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கும் அம்மா ஒருத்தி அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். அவளும் வீடியோ பார்த்திருப்பாள் போல. நான் கூனிக் குறுகிப்போனேன்.

தைப்பூசம் வரை ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிகளை எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இது தியாகம் இல்லை, மைக்கைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

மாமா


புனே,
12.10.2025

மாமாவுக்கு,

சுகம். தீபாவளிக்கு ஊருக்கு வரவில்லை.

கோபம் குறைந்திருக்கிறது, போகவில்லை. பேசுவதை விட வேண்டாம். விட்டால் அதற்கும் நான்தான் காரணம் என்றாகும்.

கொச்சியிலிருந்து மறுபடி எழுதியிருக்கிறார்கள். வீடியோவை அவர்களும் பார்த்தார்களாம். பட்டன் தெரிந்தால் என்ன, தெரிந்தும் எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று பார்ப்போமே என்கிறார்கள். டிசம்பர் கடைசிவரை எனக்காக இடத்தை வைத்திருப்பார்களாம். அப்பாவிடம் மறுபடி போய் நிற்க எனக்கு மனமில்லை.

அம்மாவின் முகம் மட்டும் கண்ணிலிருந்து மறைய மாட்டேன் என்கிறது. அவளிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

யோகம்


12.11.2025

தம்பி பரமேஸ்வரனுக்கும் மகள் யோகத்துக்கும்,

முத்துவடிவு எழுதுறது. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே கடுதாசிதான். தம்பி, நீ படிச்சிட்டு யோகத்துக்குத் தபால்ல அனுப்பு. நானும் உங்க அத்தானும் நல்லா இருக்கோம். நெல்லு நட்டாச்சு. நீங்க ரெண்டு பேரும் வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை, தப்பு இருந்தா பாத்துப் படிச்சிக்கிடுங்க.

போன வாரம் யோகத்தோட அத்தை ஆவுடையம்மா போன்ல அந்தக் கேமை நானும் ஆடினேன். எடுத்ததுமே ஓரத்துப் பட்டனைத் தொட்டேன். அந்தப் பொம்பளை எந்திரிச்சுப் போனா. யோகம், நல்லா செஞ்சிருக்கே. தண்ணி விழுற சத்தம் அப்படியே இருக்கு. கலையா என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா அவ முகத்துல ஏன்ட்டி அம்புட்டு சோகத்தை வச்சே? நான் அப்படியா உக்காந்திருந்தேன்? ரெண்டு வருஷமா என்னையே பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கே. ஒருநாள் போன்ல, அம்மா நீ ஏன் குளிக்கலைன்னு கேட்டிருக்கலாம்லா.

தம்பி, நீ மேடையில என்னை எந்திரிக்கச் சொன்னே. அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாத்தாவ. எனக்கு உடம்பெல்லாம் கூசிட்டு. செத்துரலாம் போல இருந்துச்சு. அதை உங்கிட்ட சொல்லலை, இப்பச் சொல்லுதேன். அப்புறம் என்னை ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போனே. நீ எனக்காக உக்காரலைடே, உன் மனசு ஆறணும்னு உக்காந்தே. உன் வெக்கத்தைக் கழுவ நான் எதுக்கு நனையணும்? அதான் போகலை.

ஒருத்தி கேம் செஞ்சா, ஒருத்தன் மேடையில பேசினான். ரெண்டு பேருமே என்னைக் கேக்கலை.

நான் குளிக்காதவ இல்லை. உங்களோட குளிக்காதவ. வருஷா வருஷம் ஐப்பசியில, சீசன் கூட்டமெல்லாம் போன பெறகு, மாலை போட்ட சாமிமார் வர முன்னால, பண்பொழி திருமலைக் கோயிலுக்குப் போயிட்டு வாரேன்னு வீட்டுல சொல்லிட்டு நான் ஐந்தருவிக்குத்தான் வருவேன். கோயில் திருநீறு முன்னாலயே வாங்கி முடிஞ்சு வச்சிருப்பேன். முருகன் ஒண்ணும் நினைக்க மாட்டான். இங்கன சிப்ஸ் கடை மெஹர் பானு இருக்கா. நான் குளிக்கும்போது அவ என் துணியைப் பாத்துக்கிடுவா. அவ குளிக்கும்போது நான் அவ கடையைப் பாத்துக்கிடுவேன். அன்னைக்கு உன் முன்னால சிரிச்சாளே, அவதான். வீடியோவைப் பாத்து ஒண்ணும் சிரிக்கலை, என்னைப் பாத்துச் சிரிச்சா.

சீசன்ல உங்க எல்லார் துணியையும் வாங்கி வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன்லா, அப்பவெல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பாத்தான் இருக்கும். இடிச்சிக்கிட்டுக் குளிக்குதாவளே, எனக்கு ஐப்பசியில மொத்த அருவியும் இருக்கேன்னு நினைச்சிக்கிடுவேன்.

யோகம், உங்க அப்பாட்ட பேசிட்டேன். மேடையில பேசுனதைக் கேட்டு மகளுக்கு வழி சொல்லுதியளே, வீட்டுல இருக்கவளை ஒரு வார்த்தை கேட்டியளான்னு கேட்டேன். ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தாவ. நேத்துச் சாப்பிடும்போது, சரி போகட்டும்னாவ. நீ கொச்சிக்குப் போ. அந்தப் பொம்பளை முகத்தை மட்டும் மாத்து. ஆனா நான் ஐப்பசியில வாரதைக் கேம்ல வச்சிராதே. தம்பி, நீயும் மேடையில சொல்லிராதே, உங்க அத்தான்கிட்டயும் சொல்லிராதே. அது எனக்கு.

இந்தக் கடுதாசியை மெஹர் பானு கடையில உக்காந்துதான் எழுதுதேன். அவ குளிக்கப் போயிருக்கா. என் தலை இன்னும் காயலை. தாள்ல அங்கங்க சொட்டு விழுந்திருக்கும், அழுதேன்னு நினைச்சிக்கிடாதீங்க.

முத்துவடிவு